வீட்ல எல்லாரும் சொகமா

உக்காருங்க அண்ணாச்சி, எடம் இருக்கு. இது என் பைதான், மடில வச்சுக்கிறேன். எது வரைக்கும்? கோவில்பட்டியா? நானும் அங்கதான். எப்படியும் ஒரு மணி நேரம் ஆயிரும், ரோடு கெடக்குற லட்சணத்துக்கு.

ஒண்ணு முன்னாடியே சொல்லிர்றேன். நான் சாவு வீட்டுக்குப் போயிட்டு வர்றேன். இன்னும் குளிக்கல. தீட்டு அது இதுன்னு பாக்குறவுகளா இருந்தா சொல்லிருங்க, நான் எந்திரிச்சு முன்னாடி போயிடுறேன். பாக்க மாட்டீகளா? சரி. அப்படியே இந்த ஜன்னலக் கொஞ்சம் தெறந்து விடுங்க, புண்ணியமாப் போகும்.

சொந்தம் இல்ல அண்ணாச்சி. எங்கிட்ட வேலை பாக்குறவனோட அம்மா. மாரீஸ்வரன்னு பேரு. முப்பத்தி நாலு வயசு. அம்மா பேரு சீனியம்மா. நேத்து மத்தியானம் போயிருச்சு.

ஊருக்குத் தெக்க ஒரு பால் கம்பெனி இருக்குல்ல, அங்க பாக்கெட் போடுற செக்சனுக்கு நான்தான் இன்சார்ஜ். பரமகுருன்னா எல்லாருக்கும் தெரியும். பத்தொம்பது வருசம் ஆச்சு. நாப்பது பேரு எனக்குக் கீழ. நாப்பது பேர வேலை வாங்குறதுன்னா என்னன்னு நெனைக்கீக? மாட்ட மேய்க்கலாம் அண்ணாச்சி, பசிச்சா மேயும், பசி தீந்தா படுத்துக்கிரும். மனுசன் அப்படியா?

அதுலயும் பால். பால் நிக்காது. துணி மில்லுன்னா நூலு நாளைக்கு வரைக்கும் கெடக்கும். செங்கச் சூளைன்னா கல்லு கெடக்கும். பால் லாரி விடியக்காலைல வந்து நிக்கும்போது மிசின்ல ஆள் இல்லன்னா அம்புட்டும் கெட்டுப் போயிரும். அதனால லீவுன்னு ஒரு வார்த்தை கேட்டாலே நான் ஆள் கணக்க எண்ண ஆரம்பிச்சுருவேன். இன்னைக்கு வரைக்கும் எண்ணுறேன்.

இவுக லீவு கேக்குற அழகிருக்கே! காதுகுத்து, சடங்கு, கொழுந்தியா மக வளைகாப்பு, அம்மன் கோயில் பொங்கல். ஒருத்தன் ஆடு குட்டி போட்டிருக்குன்னு வந்து நின்னான். ஏப்பா, ஆடு குட்டி போட்டா நீ போயி என்ன பண்ணப் போறன்னு கேட்டேன். பக்கத்துல இருக்கணும் சார்ங்கான்.

அதான் மூணு வருசத்துக்கு முன்னாடி ஒரு சித்திரையில ஒரே அடியா சொல்லிட்டேன். கோடை முடியுற வரைக்கும் சாவு தவிர வேற எதுக்கும் லீவு கெடையாது. கல்யாணமா, சாயங்காலம் போயி மொய் எழுது. காய்ச்சலா, மாத்திரை போடு. சாவுன்னா மட்டும் நாலு நாள், ஒரு கேள்வி கேக்க மாட்டேன். நியாயம்தான? நீங்களே சொல்லுங்க.

சொல்லி ஒரு வாரம் இருக்கும். மாரீஸ்வரன் ஒரு நாள் காலைல போன் பண்ணினான். சார், எங்கம்மா தவறிட்டாகன்னான். சரிப்பா, நாலு நாள் எடுத்துக்கோ, மனசத் தேத்திக்கோன்னு சொன்னேன். அன்னைக்கு செக்சன்ல மிசின நிறுத்தி ரெண்டு நிமிசம் எல்லாரும் நின்னோம். பேச்சித்தாய்னு ஒரு பொம்பள இருக்கா, பாக்கெட்ட டப்பால அடுக்குறவ, வாயாடி, ஆனா எளகின மனசு. அவ அழுதே போட்டா. யாராவது ரெண்டு பேராச்சும் போயி துஷ்டி கேட்டுட்டு வரணும் சார்னா. ஆள் இருந்தாத்தான அனுப்ப? யாரையும் அனுப்பல.

மறுநாளு, அண்ணாச்சி, மறுநாளு! ஒரு சாமான் வாங்க மதுரைக்குப் போயிட்டு மாட்டுத்தாவணில பஸ்ஸுக்கு நிக்கேன். எதுத்தாப்புல பெஞ்சில ஒரு கெழவி. கண்ணுல கறுப்புக் கண்ணாடி, அதுக்கு உள்ள பஞ்சு வச்சுக் கட்டியிருக்கு. பன்னு தின்னுக்கிட்டிருக்கு. பக்கத்துல தண்ணி பாட்டிலத் தெறந்து புடிச்சுக்கிட்டு யாரு நிக்கான்னா, மாரீஸ்வரன். செத்துப்போன அம்மா பன்னு தின்னுது! ஆயுத பூசைக்கு ஒரு தடவ கம்பெனிக்கு வந்த கெழவிதான், நானே என் கையால பொரி குடுத்திருக்கேன். மொகம் மறக்குமா?

கண்ணு ஆப்ரேசனாம். தேதி குடுத்துட்டாகளாம். அதெல்லாம் எனக்குப் பொறவுதான் தெரியும்.

அவன் நிமிந்து பாத்தான். என்னப் பாத்துட்டான். பாட்டில்ல இருந்த தண்ணி கெழவி சேலைல ஊத்துது, அது கூடத் தெரியாம நிக்கான்.

வேற ஒரு ஆளா இருந்தா என்ன பண்ணியிருப்பான்? அங்கயே சட்டையப் புடிச்சிருப்பான். இல்ல மறுநாளு சீட்டக் கிழிச்சிருப்பான். நான் என்ன பண்ணினேன் தெரியுமா? சிரிச்சேன். லேசா. தலைய ஆட்டிட்டு பஸ்ஸுல ஏறிட்டேன். அவ்வளவுதான்.

இன்னைக்கு வரைக்கும் அந்த விசயத்தப் பத்தி அவன்கிட்ட ஒரு வார்த்தை பேசினது கெடையாது. ஒருத்தர்கிட்டயும் சொன்னதும் கெடையாது. உங்ககிட்டதான் மொதல்ல சொல்றேன். திட்டல, சம்பளத்துல கை வைக்கல. நாலு நாள் கழிச்சு வந்தான், மொட்ட போட்டிருந்தான். பாவி, மொட்ட வேற! எல்லாரும் துக்கம் விசாரிச்சாக. நானும் கிட்டப் போயி தோளுல கையப் போட்டு, என்னப்பா, வீட்ல எல்லாரும் சொகமான்னு கேட்டேன். சொகம் சார்னான்.

அந்த ஒரு கேள்வி போதும் அண்ணாச்சி. மூணு வருசம். மூணு வருசத்துல அவன் ஒரு நாள் லீவு எடுத்ததில்ல. சாயங்கால ஷிப்டுக்கு ஆள் வரலையா, மாரீஸ்வரா, வீட்ல எல்லாரும் சொகமா? சொகம் சார், நான் நிக்கேன் சார். பொங்கலன்னைக்கு ஆள் வேணுமா, வீட்ல எல்லாரும் சொகமா? வந்துருவான். சத்தம் போட்டதில்ல, மெரட்டினதில்ல. மத்த செக்சன்ல பாத்தீகன்னா நாள் பூரா காட்டுக் கத்தல். எங்கிட்ட அமைதியா நடக்கும். ரெண்டு வருசம் சேந்தாப்புல சிறந்த பணியாளர்னு போர்டுல அவன் போட்டோதான். ஹாட்பாக்ஸ் பரிசு. குடும்பத்தோட வந்து வாங்கிக்கிடலாம்னு முதலாளி சொன்னாரு. இவன் ஒத்தையா வந்து வாங்கிட்டுப் போனான். பொஞ்சாதியையாச்சும் கூட்டிட்டு வரக்கூடாதான்னு பேச்சித்தாய் கேட்டா. அம்மாவத் துணைக்கு ஆள் இல்லாம விட்டுட்டு எப்படி வருவா, அத வெளியில சொல்லவும் முடியாதுல்ல?

அதுல இருந்துதான் நான் ஒரு பழக்கம் வச்சுக்கிட்டேன். யார் வீட்ல சாவுன்னாலும் நானே நேருல போறது. கம்பெனி பேரச் சொல்லி ஒரு மாலை. எந்தக் காட்டுக்குள்ள ஊரா இருந்தாலும் சரி, பஸ்ஸு இல்லன்னா நடந்து போயிருவேன். போயி, கிட்டப் போயி, மொகத்தப் பாத்துட்டுத்தான் வருவேன். எதுக்கு? உங்ககிட்ட என்ன மறைக்க, செத்தது நெசந்தானான்னு பாக்கத்தான். இன்னொரு தடவ ஏமாறக் கூடாதுல்ல?

ஆனா பாருங்க, சனங்க அத வேற மாதிரி எடுத்துக்கிட்டாக. அம்புட்டு தூரம் இன்சார்ஜே மாலையோட வந்துட்டாகன்னு வீட்டுக்கு வீடு பேச்சு. சேரு எடுத்துப் போடுவாக. கலர் சோடா வாங்கிட்டு வருவாக. ஒரு வீட்ல செத்தவரோட தம்பி என் கையப் புடிச்சுக்கிட்டு அழுதாரு, எங்கண்ணனுக்கு இப்படி ஒரு மரியாதையான்னு. எனக்கு என்ன செய்யன்னே தெரியல. நானும் கண்ணத் தொடச்சுக்கிட்டேன். போகப் போக பொய்ச் சாவு நின்னு போச்சு. ஆளுகளும் எம்மேல உசிரா ஆயிட்டாக. நான் எதிர்பாக்கவே இல்ல.

போன வருசம் சின்ன முதலாளி எங்க அஞ்சு பேர மதுரைக்கு அனுப்பினாரு. தலைமைப் பண்புன்னு ரெண்டு நாள் வகுப்பு. ஏசி ஹால், கோட்டு போட்ட ஒருத்தரு. எந்திரிச்சு கையத் தட்டுங்கன்னாரு, தட்டினோம். பக்கத்துல இருக்கவுகளக் கட்டிப் புடிங்கன்னாரு, புடிச்சோம். கடைசில, தொழிலாளிய நீங்க எப்படி ஊக்கப்படுத்துறீங்க, ஆளுக்கு ஒரு அனுபவம் சொல்லுங்கன்னாரு. மத்தவுக போனஸ், பிரியாணின்னு என்னமோ சொன்னாக. நான் இந்த சாவு வீட்டுக்குப் போறதச் சொன்னேன். எதுக்குப் போறேங்கறத மட்டும் சொல்லல. கோட்டுக்காரரு அப்படியே கீழ எறங்கி வந்து என் கையப் புடிச்சுக் குலுக்கிட்டாரு. ரெண்டு நாளா நான் இததான் உங்களுக்குச் சொல்லிக்கிட்டிருக்கேன், இவரு அதச் செஞ்சுக்கிட்டிருக்காருன்னாரு. ஹாலே கை தட்டுச்சு. எனக்கு ஒரு மாதிரி கூச்சமா இருந்துச்சு, ஆனா சந்தோசமாவும் இருந்துச்சு. பொய் சொல்லக் கூடாது.

கடலை வேணுமா? வாங்கிக்கோங்க, கூச்சப்படாதீக. எனக்கு இன்னைக்கு எதுவும் எறங்காது.

எங்க விட்டேன்? ஆங், போன வாரம். போன வாரம் மாரீஸ்வரன் ஆளே சரியில்ல. மிசின்ல தேதி மாத்தாம ரெண்டாயிரம் பாக்கெட்டுக்கு முந்தின நாள் தேதியவே அடிச்சு விட்டுட்டான். மூணு வருசத்துல அவன் செஞ்ச மொத தப்பு. கூப்பிட்டேன். திட்டல அண்ணாச்சி, சத்தியமாத் திட்டல. வழக்கம்போலத்தான் கேட்டேன். என்னப்பா, வீட்ல எல்லாரும் சொகமா?

என்னையே பாத்துக்கிட்டு நின்னான். என்னமோ சொல்ல வர்ற மாதிரி வாயத் தெறந்தான். பொறவு, சொகம் சார்னான்.

அன்னைக்கு அவன் அம்மா பெரியாஸ்பத்திரில கெடந்திருக்கு. நாலாவது நாளு. ராத்திரி பூரா அங்க தரைல படுத்திருந்துட்டு காலைல ஆறு மணிக்கு ஷிப்டுக்கு வந்திருக்கான். பகலுக்கு அவன் பொஞ்சாதி பாத்திருக்கா. எனக்கு எப்படித் தெரியும்? சொன்னாத்தான தெரியும்! சார், எங்கம்மாவுக்கு முடியலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் மாட்டேன்னா சொல்லியிருப்பேன்? நான் என்ன ராட்சசனா?

எப்படிச் சொல்லுவான்னு கேக்கீகளா? நீங்க கேக்கல, சரி. நேத்துல இருந்து எல்லாரும் அப்படித்தான் என்னப் பாக்குறாக, அதான்.

நேத்து காலைலயும் ஷிப்டுக்கு வந்தான். உள்ள போன் கொண்டு வரக்கூடாதுன்னு நான்தான் விதி வச்சிருக்கேன், வாசல்லயே பெட்டில போட்டுட்டு வரணும். ரெண்டு மணிக்கு ஷிப்டு முடிஞ்சு போயி போன எடுத்திருக்கான். பதினோரு தடவ அடிச்சிருக்கு. சைக்கிள் ஸ்டாண்டுல அப்படியே உக்காந்துட்டான். பேச்சித்தாய்தான் பாத்திருக்கா. என்னப்பா ஆச்சுன்னு கேட்டிருக்கா. அம்மா போயிருச்சுக்கான்னிருக்கான்.

யாரு அம்மான்னிருக்கா அவ. உங்கம்மா செத்துத்தான் மூணு வருசமாச்சேன்னிருக்கா. அப்புறம் அங்கயே, அந்தத் தரையில உக்காந்து, எல்லாத்தையும் சொல்லியிருக்கான். கண்ணு ஆப்ரேசன், பஸ் ஸ்டாண்டு, என் சிரிப்பு, வீட்ல எல்லாரும் சொகமா, எல்லாம். மூணு வருசமா ஒரு ஆளையும் வீட்டுக்குக் கூப்பிடாதது, கடைத்தெருவுக்கு அம்மாவக் கூட்டிட்டுப் போகாதது, கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கூட வீட்டு வாசல்லயே உக்கார வச்சுட்டு வந்தது. யாராச்சும் கம்பெனி ஆளு பாத்துட்டா? அந்தக் கெழவிக்குக் கடைசி வரைக்கும் காரணம் தெரியாதாம். கண்ணு வந்தும் மகன் நம்மள வெளிய கூட்டிட்டுப் போக மாட்டேங்கானேன்னு கேட்டுக்கிட்டே இருக்குமாம்.

பேச்சித்தாய் நேரா என் ரூமுக்கு வந்தா. வாயாடி, நல்லாக் கத்துவான்னு நெனச்சேன். கத்தல. அவன் சொன்னத ஒண்ணு விடாம சொல்லிட்டு, சார், நாங்க எல்லாரும் சாவுக்குப் போறோம்னா. லோடு ஆட்டோ புடிச்சுட்டாக. காலை ஷிப்டு, மத்தியான ஷிப்டு, அம்புட்டுப் பேரும். நான் மட்டும் நிக்கேன், நாலு டிரைவர வச்சுக்கிட்டு மிசின ஓட்டினேன். பாதி பால் போச்சு. சின்ன முதலாளி போன்ல, பரமகுரு, நீங்க பயிற்சிக்கெல்லாம் போயிட்டு வந்தவராச்சேன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு.

அதான் இன்னைக்கு மிசின அந்த டிரைவருக கையில விட்டுட்டு வந்தேன். வராம இருக்க முடியுமா? எல்லா சாவுக்கும் போனவன் இந்தச் சாவுக்குப் போகலன்னா என்ன பேச்சு வரும்? அதுக்காக மட்டும் வந்தேன்னு நெனைக்காதீக. அவன் மொகத்தப் பாக்கணும்னு இருந்துச்சு. மன்னிச்சுக்கோப்பான்னு ஒரு வார்த்தை சொல்லலாம்னு கூட பஸ்ஸுல வரும்போது யோசிச்சுக்கிட்டே வந்தேன். எதுக்கு மன்னிப்பு கேக்கணும்னும் யோசிச்சேன். நான் ஒரு சொல்லு சொல்லலையே அவன. மூணு வருசமா நலம்தான விசாரிச்சேன்?

தெரு முக்குல எறங்கி மாலையத் தூக்கிட்டு நடக்கேன். பந்தல்ல எங்க செக்சன் ஆளுக பூராவும் இருக்காக. ஒருத்தரும் எந்திரிக்கல. சேரு எடுத்துப் போடல. வெளிய செருப்பக் கழட்டிட்டு மாலைய யார்கிட்டக் குடுக்கன்னு தெரியாம நின்னேன். தூரத்துல நின்னே கும்பிட்டுட்டுத் திரும்பிரலாமான்னு இருந்துச்சு.

மாரீஸ்வரன்தான் எந்திரிச்சு வந்தான். அவன் மொகத்துல கோவம் இல்ல அண்ணாச்சி. கோவமா இருந்திருந்தா எனக்கு நல்லா இருந்திருக்கும். வாங்க சார்னான். என் கையப் புடிச்சான். புடிச்சு, அத்தன பேருக்கு நடுவுல கூட்டிட்டுப் போனான், ஐஸ் பெட்டி கிட்ட. பொம்பளைகள விலகச் சொன்னான். கண்ணாடில பனி படிஞ்சிருந்துச்சு, அதத் தன் தோள் துண்டால நல்லாத் தொடச்சான். குனிஞ்சு மறுபடியும் தொடச்சான்.

நல்லாப் பாத்துக்கோங்க சார்னான்.

பாத்தேன். என்ன செய்ய? பாத்தேன். சின்ன மொகம். மூக்குல பஞ்சு. கண்ணு ரெண்டும் மூடியிருந்துச்சு. ஒப்பாரி வச்சவுக எல்லாம் நிறுத்திட்டாக. பேச்சித்தாய் என்னையே பாத்துக்கிட்டிருக்கா. எவ்வளவு நேரம் நின்னேன்னு தெரியல. போதும்னு அவனும் சொல்லல, நானும் திரும்பல.

பொறவு ஒரு மாதிரி சமாளிச்சுக்கிட்டு, மாரீஸ்வரா, பதினாறு முடியுற வரைக்கும் நீ வர வேண்டாம்ப்பா, எத்தன நாள் வேணுமோ எடுத்துக்கோன்னேன்.

வேண்டாம் சார்னான். நாளைக்குக் காலைல சுடுகாட்டுல காடாத்துறதுக்கு நீதான பால் ஊத்தணும், ஒத்த மகன்னு பக்கத்துல இருந்த அவன் மாமா பதறிட்டாரு. இவன் அவரத் திரும்பிக்கூடப் பாக்கல. என்னையே பாத்து, ரொம்ப மரியாதையா, கை கட்டிக்கிட்டுச் சொல்றான்:

“அம்மாவுக்கு உள்ள லீவு நான் ஏற்கனவே எடுத்துட்டேன் சார். நாலு நாள். நாளைக்கு ஆறு மணி ஷிப்டுக்கு வந்துர்றேன்.”

பொணத்த எடுக்குறதுக்கு முன்னாடியே கெளம்பி வந்துட்டேன். இருக்க முடியல. கம்பெனில மத்தியான ஷிப்டுக்கு ஆள் பாக்கணும்னு சொல்லிட்டு வந்தேன், யாரும் கேக்கல.

ஊரு வந்துருச்சு போல. நீங்க பஸ் ஸ்டாண்டுல எறங்குங்க, நான் அடுத்த ஸ்டாப்பு. பத்தொம்பது வருசமா எவன் வராமப் போயிருவானோன்னு பயந்துதான் அண்ணாச்சி நான் காலைல கண்ணு முழிச்சிருக்கேன். நாளைக்கு இவன் வந்துருவானோன்னு பயமா இருக்கு. வந்து வாசல்ல போனப் பெட்டில போட்டுட்டு, என் முன்னாடி வந்து நிப்பானே, அப்ப நான் அவன்கிட்ட என்ன கேக்க?